ஜோ காக்கராக ஜான் பெலூஷி

ஜோ காக்கராக ஜான் பெலூஷி நடித்துக் காட்டிய பலகுரல் நிகழ்ச்சி, 1970களின் அமெரிக்க நகைச்சுவை மேடையில் பெரிதும் பேசப்பட்ட ஒன்றாகும். அமெரிக்க நகைச்சுவை நடிகரான ஜான் பெலூஷி, இங்கிலாந்தைச் சேர்ந்த ராக் பாடகர் ஜோ காக்கரின் கரகரத்த குரலையும், பாடும்போது அவருடைய கைகளும் உடலும் கட்டுப்பாடின்றி அசைவதையும் அப்படியே மேடையில் செய்து காட்டினார். 1973இல் நியூயார்க் நகரில் அரங்கேறிய 'லெமிங்ஸ்' என்னும் அங்கத நாடகத்தின் வழியாக இது பரவலாக அறியப்பட்டது. 1975 முதல் தொலைக்காட்சியிலும் இடம்பெற்றது. 1976 அக்டோபர் 2 அன்று காக்கரும் பெலூஷியும் ஒரே மேடையில் அருகருகே நின்று ஒரே பாடலைப் பாடினர். பகடி செய்தவரும் பகடிக்கு உள்ளானவரும் ஒன்றாகப் பாடிய இந்நிகழ்ச்சி, பலகுரல் கலை கேலியா மரியாதையா என்னும் கேள்விக்கு எடுத்துக்காட்டாக இன்றும் பேசப்படுகிறது.

ஜோ காக்கர்

ஜான் ராபர்ட் காக்கர் என்னும் இயற்பெயர் கொண்ட ஜோ காக்கர், 1944 மே 20 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் பிறந்தார். பள்ளியை விட்டபின் எரிவாயுக் குழாய் பொருத்தும் வேலையில் பயிற்சி பெற்றார். பகலில் அந்த வேலையைச் செய்துகொண்டே இரவில் மதுக்கூடங்களில் பாடினார். தொடக்க காலத்தில் வான்ஸ் அர்னால்டு என்ற மேடைப் பெயரைப் பயன்படுத்தினார். அமெரிக்கப் பாடகரும் பியானோ கலைஞருமான ரே சார்லஸ் அவருக்கு முன்மாதிரியாக விளங்கினார். ரே சார்லசின் பாணியைப் பின்பற்றியே காக்கரின் பாட்டு உருவானது.

1968இல் பீட்டில்ஸ் குழுவின் 'வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்' பாடலை அவர் தம் பாணியில் பாடி வெளியிட்டார். 1967இல் வெளிவந்த மூலப் பாடலை ரிங்கோ ஸ்டார் எளிமையாகவும் துள்ளலாகவும் பாடியிருந்தார். காக்கர் அதன் வேகத்தைக் குறைத்து, நான்கு எண்ணிக்கை நடையிலிருந்த தாளத்தை மூன்று எண்ணிக்கை நடைக்கு மாற்றி, ஐந்து நிமிடங்களுக்கும் மேலாக நீட்டினார். இறுதிப் பகுதிக்கு முன் வரும் நீண்ட அலறல் இப்பாடலின் அடையாளமாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் இது பிரித்தானியப் பாடல் தரவரிசையில் முதலிடம் பெற்றது.

1969 ஆகஸ்ட் 17 அன்று அமெரிக்காவில் உட்ஸ்டாக் இசைவிழாவில் காக்கர் பாடினார். பல வண்ணச் சாயம் தோய்த்த சட்டையும் கலைந்த முடியுமாக அவர் நின்று பாடிய காட்சி, 1970இல் வெளியான 'உட்ஸ்டாக்' ஆவணப்படத்தில் இடம்பெற்றது. விழாவுக்கு நேரில் செல்லாத பல இலட்சம் பேர் காக்கரின் உடல் அசைவுகளை மிக அருகில் பார்த்தது இந்தப் படத்தில்தான்.

காக்கரின் மேடை அசைவுகள்

காக்கர் பாடும்போது இடக்கை விரல்கள் இல்லாத கிட்டாரின் தந்திகளை அழுத்துவது போல வளையும். வலக்கை வயிற்றருகே தந்திகளை மீட்டுவது போல நடுங்கும். சில வேளைகளில் இரு கைகளும் தாழ்ந்து, இல்லாத பியானோவின் கட்டைகளைத் தட்டும். தோள்கள் குலுங்கும், தலை பின்னால் சாயும், முகம் வலியில் சுருங்கியது போலக் காணப்படும்.

முதன்முறை பார்த்தவர்களில் சிலர், அவருக்கு ஏதோ நரம்பு நோய் இருப்பதாக எண்ணினர். அவருக்கு அத்தகைய நோய் எதுவும் இல்லை. கிட்டாரோ பியானோவோ வாசிக்கத் தெரியாத ஏக்கம் இவ்வாறு வெளிப்பட்டதாகவும், பியானோ முன் அமர்ந்து பாடும் ரே சார்லசின் அசைவுகள் அதில் கலந்திருந்ததாகவும் காக்கர் விளக்கியிருக்கிறார். பாட்டின் இசைக்கருவிப் பகுதிகளை அவருடைய கைகள் வாசித்துக்கொண்டிருந்தன எனலாம்.

இதன்படி, காக்கரின் அசைவே ஒரு வகையில் இன்னொரு கலைஞரைப் பார்த்து வந்ததாகும். பெலூஷி பின்னர் போலச் செய்தது இதைத்தான்.

ஜான் பெலூஷி

ஜான் பெலூஷி 1949 சனவரி 24 அன்று சிகாகோ நகரில், அல்பேனிய மரபுவழிக் குடும்பத்தில் பிறந்தார். சிகாகோவுக்கு அருகிலுள்ள வீட்டன் என்னும் ஊரில் வளர்ந்தார். பள்ளியில் அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைவராக இருந்தார். அதே காலத்தில் ஒரு ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தார். கனத்த உடலும், அந்த உடலை எதிர்பாராத வேகத்தில் எறியும் துணிவும், தாள அறிவும் அவருடைய பிற்கால நகைச்சுவைக்கு அடிப்படையாயின.

1971இல் சிகாகோவின் 'செகண்ட் சிட்டி' நாடகக் குழுவில் சேர்ந்தார். எழுதப்பட்ட வசனமின்றி மேடையிலேயே காட்சியை உருவாக்கும் உடனடி நடிப்புக்குப் பெயர்பெற்ற குழு அது. அங்கு சிகாகோ மேயர் ரிச்சர்டு டேலி உள்ளிட்ட பொதுவாழ்வுப் பிரமுகர்களைப் போல நடித்துக் காட்டிப் புகழ்பெற்றார்.

லெமிங்ஸ் நாடகம்

'நேஷனல் லாம்பூன்' என்னும் அங்கத இதழின் சார்பில் தயாரிக்கப்பட்ட 'லெமிங்ஸ்' நாடகம், 1973 சனவரியில் நியூயார்க்கின் வில்லேஜ் கேட் அரங்கில் தொடங்கியது. லெமிங் என்பது வட துருவப் பகுதியில் வாழும் எலியினத்தைச் சேர்ந்த சிறு விலங்கு. அவை கூட்டமாகச் சென்று தற்கொலை செய்துகொள்ளும் என்றொரு தவறான நம்பிக்கை மக்களிடையே உண்டு. நாடகத்தின் பெயர் அந்த நம்பிக்கையிலிருந்து எடுக்கப்பட்டது.

நாடகத்தின் இரண்டாம் பகுதி உட்ஸ்டாக் விழாவின் பகடியாக அமைந்தது. இசை கேட்க அல்லாமல் கூட்டாகச் சாவதற்கே இளைஞர்கள் திரண்டிருப்பதாகக் கதை. அமைதியும் அன்பும் உலகை மாற்றிவிடும் என்ற 1960களின் நம்பிக்கை நான்கே ஆண்டுகளில் தளர்ந்துவிட்டதை இது கேலி செய்தது. கிறிஸ்டோபர் கெஸ்ட், செவி சேஸ் ஆகியோரும் இதில் நடித்தனர். ஒவ்வொருவரும் அக்காலப் பாடகர் ஒருவரைப் போல வேடமிட்டுப் பாடினர். கெஸ்ட் ஜேம்ஸ் டெய்லராகவும், சேஸ் ஜான் டென்வராகவும் தோன்றினர்.

பெலூஷி காக்கராக வந்தார். பிற நடிகர்கள் பெரும்பாலும் பாடகர்களின் கருத்தையும் பாடல்வரிகளையும் பகடி செய்தபோது, பெலூஷி பாடகரின் உடலைக் கையிலெடுத்தார். நடுங்கும் கைகளில் தொடங்கிய அசைவு தோளுக்கும் இடுப்புக்கும் கால்களுக்கும் பரவி, இறுதியில் அவரைத் தரையில் வீழ்த்தியது. விழுந்த பிறகும் பாட்டு நிற்கவில்லை.

தொலைக்காட்சியில்

1975 அக்டோபர் 11 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சி தொடங்கியது. லோர்ன் மைக்கேல்ஸ் உருவாக்கிய இந்நிகழ்ச்சி, நியூயார்க்கிலிருந்து நள்ளிரவை ஒட்டி நேரலையாக ஒளிபரப்பாயிற்று. பெலூஷி அதன் முதல் நடிகர் குழுவில் ஒருவர்.

ராப் ரெய்னர் தொகுத்து வழங்கிய மூன்றாவது நிகழ்ச்சியில், அக்டோபர் 25 அன்று, பெலூஷி காக்கராகத் தோன்றி 'வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்' பாடலைப் பாடினார். பகடி வரிகள் எதுவும் சேர்க்கப்படாமல், காக்கரின் புகழ்பெற்ற பாடலே பாடப்பட்டது. ஆகவே நகைச்சுவை முழுவதும் பாடும் முறையிலேயே தங்கியிருந்தது. கண்களை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்பவர், காக்கரே பாடுகிறாரோ என்று சில நொடிகளாவது ஐயுறக்கூடும். பார்ப்பவருக்கோ, பீரைத் தம் மேல் ஊற்றிக்கொண்டு வலிப்பு வந்தவர் போலத் துடித்து விழும் ஒரு மனிதர் தெரிந்தார்.

போலச் செய்தல் ஏன் நம்பும்படி இருந்தது

ஒருவரின் குரலை இன்னொருவர் முற்றிலும் பிரதி எடுப்பது இயலாது. குரல்வளையின் அளவு, தொண்டை, வாய், மூக்கு ஆகியவற்றின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறுபடும். எனவே பலகுரல் கலைஞர்கள் ஒரு குரலின் எல்லாக் கூறுகளையும் எடுத்துக்கொள்வதில்லை. கேட்போர் அந்த ஆளை எந்தச் சில அடையாளங்களால் இனங்காண்கிறார்களோ அவற்றைத் தேர்ந்து, சற்றே மிகைப்படுத்துகிறார்கள். கேலிச்சித்திரக்காரர் மூக்கையோ மீசையையோ பெரிதாக்கி வரைவதற்கு ஒப்பானது இது.

பெலூஷியின் நிகழ்ச்சியில் மூன்று கூறுகள் சேர்ந்து செயல்பட்டன.

முதலாவது, கரகரப்பு. குரல்வளையிலுள்ள குரல் நாண்கள் ஒழுங்காக அதிரும்போது தெளிந்த ஒலி பிறக்கிறது. அவற்றுக்குச் சற்று மேலேயுள்ள, பொய்க்குரல் நாண்கள் எனப்படும் மடிப்புகள் நெருங்கி வந்து ஒழுங்கின்றிச் சேர்ந்து அதிர்ந்தால் ஒலி கரகரக்கிறது. காக்கரின் குரலில் மேலோங்கி நின்றது இந்தக் கரகரப்பே. இயல்பான குரலின் இனிமையைப் போலச் செய்வதைவிட, தொண்டையை இறுக்கிக் கரகரப்பைக் கொண்டுவருவது எளிது. அதே வேளையில் அது தொண்டையை வருத்தும். பெலூஷி அந்த வருத்தத்தை மறைக்காமல் நடிப்பின் பகுதியாக்கிக் கொண்டார்.

இரண்டாவது, தாளம். காக்கரின் அசைவுகள் பார்க்கத் தாறுமாறாகத் தோன்றினாலும், பின்னணி இசையின் தாளத்தையும் மீட்டலையும் ஒட்டியே அமைந்தவை. டிரம்ஸ் வாசித்த பழக்கமுள்ள பெலூஷி இதைப் புரிந்துகொண்டிருந்தார் என்பது அவருடைய நடிப்பில் தெரிகிறது. துடிக்கும்போதும் விழும்போதும் அவர் தாளத்தை விடுவதில்லை. இந்தத் தாளப்பிடிப்பு இல்லாவிடில் நிகழ்ச்சி வெறும் கோமாளித்தனமாக முடிந்திருக்கும்.

மூன்றாவது, ஈடுபாடு. காக்கரின் முகத்தில் எப்போதும் தெரிந்தது பாட்டுக்குள் முழுவதும் மூழ்கிய நிலை. அவர் பார்வையாளர்களைப் பார்த்துச் சிரித்துப் பாடுபவர் அல்லர். பெலூஷியும் நடிப்பின் நடுவில் பார்வையாளர்களை நோக்கிக் கண்ணடிப்பதோ, 'நான் நடிக்கிறேன்' என்று உணர்த்துவதோ இல்லை. நகைச்சுவை நடிகர் சிரிக்காதிருந்ததால் பார்வையாளர்களின் சிரிப்பு கூடியது.

1976 அக்டோபர் 2

காக்கர் சிறப்பு இசைக் கலைஞராக அழைக்கப்பட்ட நிகழ்ச்சி, 'மான்டி பைத்தான்' குழுவைச் சேர்ந்த எரிக் ஐடில் தொகுத்து வழங்கிய நாளில் இடம்பெற்றது. அவ்வாண்டு வெளிவந்த 'ஸ்டிங்ரே' இசைத்தொகுப்பில் காக்கருடன் பணியாற்றிய 'ஸ்டஃப்' குழுவினர் பின்னணி இசைத்தனர்.

டேவ் மேசன் எழுதி, காக்கர் 1969இல் தம் முதல் இசைத்தொகுப்பில் பாடியிருந்த 'ஃபீலிங் ஆல்ரைட்' பாடலை அவர் பாடிக்கொண்டிருந்தபோது, பெலூஷி காக்கரைப் போலவே உடையணிந்து மேடைக்கு வந்து அருகில் நின்று பாடத் தொடங்கினார். ஒரே உடை, ஒரே அசைவு, ஏறத்தாழ ஒரே குரல். காக்கர் பாடுவதை நிறுத்தவில்லை. இருவரும் மாறி மாறியும் சேர்ந்தும் பாடினர்.

இந்நிகழ்ச்சியில் பார்வையாளர்கள் முதன்முறையாக மூலத்தையும் போலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது. ஒப்பீட்டில் இரண்டு செய்திகள் புலப்பட்டன. பெலூஷி எவ்வளவு கூர்ந்து கவனித்திருந்தார் என்பது ஒன்று. மிகைப்படுத்தல் எங்கே தொடங்குகிறது என்பது மற்றொன்று. பெலூஷியின் கை வெட்டியிழுக்கும் இடத்தில் காக்கரின் கை வெறுமனே நடுங்கியது. காக்கரின் அசைவு பாட்டை வெளியே கொண்டுவரும் முயற்சியின் விளைவாக இருந்தது. பெலூஷியின் அசைவோ அந்த விளைவை முன்னே நிறுத்தியது.

கேலியும் மரியாதையும்

இந்தப் பலகுரல் நிகழ்ச்சி பற்றிய கருத்து வேறுபாடு, காக்கரின் அன்றைய வாழ்நிலையோடு தொடர்புடையது. 1970இல் 'மேட் டாக்ஸ் அண்டு இங்கிலீஷ்மென்' என்ற பெயரில் முப்பதுக்கும் மேற்பட்டோருடன் அமெரிக்கா முழுவதும் அவர் மேற்கொண்ட இசைப்பயணம், அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுசென்றதுடன் உடலாலும் மனத்தாலும் தளர்த்தியது. அடுத்து வந்த ஆண்டுகளில் மதுப்பழக்கமும் மனச்சோர்வும் அவரை வாட்டின. 1975இல் 'யூ ஆர் சோ பியூட்டிஃபுல்' பாடல் அமெரிக்கத் தரவரிசையில் ஐந்தாம் இடம் பெற்றபோதும் மதுவின் பிடி தளரவில்லை.

இந்தப் பின்னணியில், மேடையில் பீர் ஊற்றிக்கொண்டு விழும் ஒரு காக்கரைக் காட்டியது அவருடைய உண்மையான துன்பத்தைச் சிரிப்புப் பொருளாக்கியது என்று ஒரு சாரார் கருதுகின்றனர். நோய் என்று பலர் தவறாக எண்ணிய அசைவை வலிப்பைப் போலக் காட்டியதும் இக்கண்டனத்துக்கு உரியதாகிறது. மற்றொரு சாரார், ஒரு பாடகரை இவ்வளவு நுட்பமாகப் போலச் செய்ய அவர் பாட்டின் மேல் ஆழ்ந்த பற்று இருந்தாக வேண்டும் என்கின்றனர். பெலூஷி பின்னாளில் தாமே ப்ளூஸ் பாடகராக மேடையேறியது இவர்களின் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது.

1976ஆம் ஆண்டின் நிகழ்ச்சியில் பெலூஷியின் அருகில் நின்று பாட காக்கர் இசைந்தது இவ்விவாதத்தில் முக்கியமானது. தமக்குப் பின்னால் நடந்துவந்த கேலி, அந்த மேடையில் அவர் பங்கேற்ற நிகழ்ச்சியாக மாறியது. அதனால் கேலியின் கூர்மை முற்றிலும் மறைந்துவிட்டது என்று சொல்ல முடியாவிடினும், இறுதியில் அவர் வெறும் கேலிப்பொருளாக மட்டும் நிற்கவில்லை.

பிற்காலம்

1978இல் பெலூஷியும் டேன் அக்ராய்டும் 'ப்ளூஸ் பிரதர்ஸ்' என்னும் இசைக்குழுவாகத் தோன்றினர். கறுப்புக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த இரு சகோதரர்களாக அவர்கள் நடித்தாலும், பின்னணியில் ஸ்டீவ் கிராப்பர், டொனால்டு டன் போன்ற தேர்ந்த இசைக்கலைஞர்கள் வாசித்தனர். அவர்களுடைய முதல் இசைத்தொகுப்பு 1979இல் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பெற்றது. காக்கரைப் போலப் பாடித் தொலைக்காட்சியில் பெயர்பெற்ற பெலூஷி, இப்போது ஒரு கற்பனைப் பாத்திரத்தின் குரலில் பாடினார்.

1980இல் 'தி ப்ளூஸ் பிரதர்ஸ்' திரைப்படம் வெளியானது. அதில் இசைக்கருவிக் கடை உரிமையாளராக வந்து பியானோ வாசித்துப் பாடியவர் ரே சார்லஸ். காக்கர் யாரைப் பார்த்துப் பாடக் கற்றாரோ, அவருடனேயே காக்கரைப் போலச் செய்தவர் திரையில் தோன்றினார்.

ஜான் பெலூஷி 1982 மார்ச் 5 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகர விடுதி ஒன்றில் போதைப்பொருளால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 33. அதே ஆண்டு நவம்பரில், ஜெனிஃபர் வார்ன்சுடன் காக்கர் பாடிய 'அப் வேர் வி பிலாங்' பாடல் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பெற்றது. அப்பாடலுக்காக அடுத்த ஆண்டு இருவரும் கிராமி விருது பெற்றனர். மேடையில் நிதானமிழந்து விழும் மனிதராகச் சித்திரிக்கப்பட்ட காக்கர், அதன்பின் மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடினார்; பிற்காலத்தில் மதுவையும் கைவிட்டார். 2014 டிசம்பர் 22 அன்று தமது 70ஆம் வயதில் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். 2025இல் ராக் அண்டு ரோல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

ஒத்த பிற நிகழ்ச்சிகள்

ராக் பாடகர்களை நம்பும்படி போலச் செய்த நகைச்சுவைக் கலைஞர்கள் வேறு சிலரும் உண்டு. ஆண்டி காஃப்மன், தடுமாறிப் பேசும் அயல்நாட்டுக்காரராக மேடையேறி, வேண்டுமென்றே பலரை மோசமாகப் போலச் செய்துவிட்டு, இறுதியில் எல்விஸ் பிரெஸ்லியாக மாறிக் குறையின்றிப் பாடுவார். முன்னர் காட்டிய திறமையின்மையால் பார்வையாளர்களின் வியப்பு பெருகும்.

ஜிம்மி ஃபாலன் தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நீல் யங்காக வேடமிட்டு, நீல் யங் ஒருபோதும் பாடியிராத பாடல்களை அவருடைய மெல்லிய, உயர்ந்த குரலில் பாடினார். 2010 நவம்பரில், பத்து வயதுச் சிறுமியான வில்லோ ஸ்மித்தின் 'விப் மை ஹேர்' பாடலை அவர் இவ்வாறு பாடியபோது, புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1970களில் தாம் இருந்த தோற்றத்தில் வேடமிட்டு வந்து உடன் பாடினார். பாடகர் தம்மையே போலச் செய்து காட்டிய அரிய நிகழ்ச்சி இது. பகடிக்கு உரியவர் தாமும் மேடையேறிப் பங்கேற்கும் வழக்கத்துக்கு, காக்கரும் பெலூஷியும் 1976இல் சேர்ந்து பாடிய நிகழ்ச்சி ஒரு முன்னோடியாகும்.